இரைச்சல் போகும், கூச்சல் போகாது: இயர்பட்ஸுக்குப் பின்னால் ஒரு தொண்ணூறு ஆண்டு வரலாறு

இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு இரைச்சல் நீக்கும் இயர்பட்ஸ் வாங்கும் மாணவர் பலர் முதல் நாளிலேயே ஒரே வகையான ஏமாற்றத்தைச் சந்திக்கின்றனர். விடுதி அறையின் மின்விசிறி ஓசை அடங்கிவிடுகிறது. பக்கத்து அறைப் பேச்சு மட்டும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது. பேருந்து எஞ்சினின் உறுமல் தேய்கிறது. ஹார்ன் ஒலி அப்படியே காதில் குத்துகிறது. பெட்டியின் மேல் '50 டெசிபெல் வரை' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். பழுதான பொருள் வந்துவிட்டது என்று எண்ணித் திருப்பி அனுப்புவோரும் உண்டு. மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோரும் உண்டு. இவ்விரு முடிவுகளும் பெரும்பாலும் பிழையானவை. இக்கருவி எந்த ஒலியை அடக்கும், எந்த ஒலியை விட்டுவிடும் என்பது அதன் பிறப்பிலேயே முடிவானது. அந்தப் பிறப்பின் கதையை அறிந்தவருக்குப் பெட்டியின் மேலுள்ள எண்கள் வேறு பொருள் தரும். உதவித்தொகைப் பணத்தை எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதும் விளங்கும்.

ஜெர்மானிய இயற்பியலாளர் பால் லூயெக் 1933 ஜனவரியில் தம் நாட்டில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே கண்டுபிடிப்புக்கான அமெரிக்கக் காப்புரிமை 1936 ஜூன் 9 அன்று, 2,043,416 என்ற எண்ணுடன் வழங்கப்பட்டது. அதன் கருத்து எளியது. ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். ஓர் அலையின் முகடு எழும் அதே கணத்தில், அதே இடத்தில், இன்னோர் அலையின் பள்ளம் விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு குழாயின் வழியே இரைச்சல் வருகிறது என்று கொள்வோம். குழாயின் தொடக்கத்தில் ஓர் ஒலிவாங்கி அதைப் பிடிக்கிறது. மின்குறிப்பு ஒலியைவிடப் பன்மடங்கு விரைவாகச் செல்வதால், இரைச்சல் வந்து சேர்வதற்குள் குழாயின் மறுமுனையிலுள்ள ஒலிபெருக்கி தலைகீழான அலையை எழுப்பிக் காத்திருக்க முடிகிறது. இன்றைய இயர்பட்ஸ் செய்வதும் இதுவே. வெளிப்புறத்தில் ஓர் ஒலிவாங்கி, உள்ளே ஒரு சிறு ஒலிபெருக்கி, இடையில் ஒரு கணக்கு: லூயெக் வரைந்த குழாய் இப்போது காதுத் துளையாகச் சுருங்கியிருக்கிறது.

கருத்து எளிது, அளவுகள் கடுமையானவை. ஓர் ஒலியை 20 டெசிபெல் குறைப்பது என்றால் அதன் அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காக்குவது. அதற்கு எதிரலையின் பிழை பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எதிரலையின் வலிமை முற்றிலும் சரியாக அமைந்தாலும், நேரத்தில் ஏற்படும் சிறு வழுக்கல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நொடிக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், அதில் எதிரலை 5 சென்டிமீட்டர் தள்ளிப்போனாலும் 20 டெசிபெல் குறைப்பு கிடைக்கும். 4,000 ஹெர்ட்ஸ் ஒலியிலோ அனுமதிக்கத்தக்க வழுக்கல் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஒலி அந்தத் தொலைவைக் கடக்க எடுத்துக்கொள்வது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் நான்கு பங்கு. ஆகவே அதிர்வெண் உயர உயர, அலைகளை அழிக்கும் வித்தை கைநழுவிப் போகிறது. வெற்றிடக் குழாய்களால் ஆன 1930களின் மின்னணுவியல் தாழ்ந்த ஒலிகளுக்கே போதுமானதாக இல்லை. லூயெக்கின் எண்ணம் இருபது ஆண்டுகள் காகிதத்திலேயே தங்கியது.

1953இல் அமெரிக்காவின் ஆர்சிஏ ஆய்வகத்தைச் சேர்ந்த ஹாரி ஆல்சனும் எவரெட் மேயும் வேறொரு வழியை வெளியிட்டனர். இரைச்சல் வருமுன் அதை முன்கூட்டிப் பிடிப்பதற்கு மாறாக, கேட்பவரின் தலைக்கு அருகிலேயே ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் சேர்த்து வைத்தனர். ஒலிவாங்கி தன்னிடம் எஞ்சியிருக்கும் ஒலியைக் கேட்டு, அது குறையும் திசையில் ஒலிபெருக்கியைச் செலுத்தும். விமானம், மோட்டார் வாகனம் ஆகியவற்றின் இருக்கை முதுகில் இதைப் பொருத்தினால் பயணியின் தலையைச் சுற்றி அமைதியான சிறு பகுதி உருவாகும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. லூயெக்கின் முறை முன்னூட்டம் என்றும், ஆல்சன், மே முறை பின்னூட்டம் என்றும் பின்னாளில் வழங்கப்பட்டன. இன்று இயர்பட்ஸ் பெட்டிகளில் 'ஹைப்ரிட்' என்று காணப்படும் சொல் இவ்விரண்டின் சேர்க்கையைக் குறிக்கிறது. வெளியே உள்ள ஒலிவாங்கி 1933இன் வழியிலும், உள்ளே காதை நோக்கிய ஒலிவாங்கி 1953இன் வழியிலும் வேலை செய்கின்றன.

இருக்கை முதுகில் வைத்த கருவி பரவாததற்கும் அலைநீளமே காரணம். இவ்வாறு உருவாகும் அமைதிப் பகுதியின் விட்டம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. 100 ஹெர்ட்ஸில் அது 34 சென்டிமீட்டர். தலை அதற்குள் அடங்கும். 1,000 ஹெர்ட்ஸில் 3.4 சென்டிமீட்டர், தலையைச் சற்றே திருப்பினாலும் காது வெளியே போய்விடும். அமைதியைத் தலையோடு கட்டி எடுத்துச் செல்வதே எஞ்சிய வழி. ஆகவே ஆய்வு அறையிலிருந்தும் இருக்கையிலிருந்தும் விலகி, காதை மூடும் கவசத்துக்குள் நுழைந்தது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க விமானப்படைக்காக வில்லார்ட் மீக்கர் செய்த ஆய்வுகள் இவ்வகைச் செவிக்காப்புக் கருவிகளைப் பற்றியவை. எஞ்சினுக்கு அருகில் வேலை செய்வோரின் செவித்திறனைக் காப்பது அவற்றின் நோக்கம். இசை கேட்பது அப்போது எவர் எண்ணத்திலும் இல்லை.

இவ்விடத்தில் இந்தியாவோடு தொடர்புடைய ஒரு வாழ்க்கை கதைக்குள் வருகிறது. நோனி கோபால் போஸ் கல்கத்தாவில் படித்த வங்காளி. ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர். 1920இல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். அவருடைய மகன் அமர் போஸ் 1929இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தந்தையின் இறக்குமதி வணிகம் முடங்கியபோது, பள்ளி மாணவரான அமர் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்துக் குடும்ப வருவாய்க்கு உதவினார். எம்ஐடியில் நார்பர்ட் வீனர், யுக்-விங் லீ ஆகியோரிடம் பயின்று 1956இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஃபுல்பிரைட் உதவியுடன் ஓராண்டு டெல்லியில் தங்கினார். எம்ஐடி ஆசிரியராக இருந்தபடியே 1964இல் தம் பெயரில் நிறுவனம் தொடங்கினார்.

1978இல் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குத் திரும்பிய விமானத்தில் பயணிகளுக்குப் புதுவகை ஹெட்ஃபோன்கள் தரப்பட்டன. விமான இரைச்சலுக்கிடையே அவற்றில் இசை கேட்பது போஸுக்கு எரிச்சலூட்டியது. கீழிறங்குவதற்குள், இரைச்சலையும் இசையையும் பிரித்து முன்னதை மட்டும் அழிப்பதற்கான கணக்கின் அடிப்படையைக் காகிதத்தில் எழுதி முடித்திருந்தார். காதுக் கவசத்துக்குள்ளேயே ஒலிவாங்கியை வைத்து, அது கேட்பதிலிருந்து இசையைக் கழித்து, எஞ்சுவதை இரைச்சல் எனக் கொண்டு எதிரலை எழுப்புவது அம்முறை. ஆல்சன், மே காட்டிய பின்னூட்டம் மூடிய சிறு வெளிக்குள் வந்ததும் நிலைபெற்றது. 1986 டிசம்பரில் டிக் ருட்டனும் ஜீனா யேகரும் வாயேஜர் என்ற சிறு விமானத்தில், எங்கும் இறங்காமலும் எரிபொருள் நிரப்பாமலும் ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றிவந்தபோது, எஞ்சின் ஒலியால் செவி கெடாதிருக்க இந்நிறுவனத்தின் மாதிரிக் கருவிகளை அணிந்திருந்தனர். 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. பொதுமக்களுக்கான முதல் குயட்கம்ஃபர்ட் 2000இல் வந்தது. ஒரு விமானப் பயணத்தில் எழுதிய கணக்கு கடைக்கு வர 22 ஆண்டுகள் ஆயின.

இந்த வரிசையில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. குழாய், விமான இருக்கை, விமானி, விமானப் பயணி: எல்லா இடத்திலும் எதிரி ஒன்றே. ஒரே சுருதியில், இடைவிடாமல் ஒலிக்கும் தாழ்ந்த எந்திர ஒலி. கருவி பழகியது அந்த எதிரியோடு மட்டுமே.

அடுத்த மாற்றம் கணிதத்திலும் சிலிக்கானிலும் நிகழ்ந்தது. ஸ்டான்ஃபோர்டில் பெர்னார்ட் விட்ரோவும் டெட் ஹாஃபும் 1960இல் வெளியிட்ட எல்எம்எஸ் என்ற நெறி, சூழல் மாற மாறத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வடிப்பான்களுக்கு வழிவகுத்தது. 1975இல் விட்ரோவும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, தாயின் இதயத்துடிப்பை நீக்கிக் கருவிலுள்ள குழந்தையின் துடிப்பைப் பிரித்தெடுப்பது. இரைச்சல் எது, வேண்டிய ஒலி எது என்பது கேட்பவரின் தேவையைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. 1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கிய எலக்ட்ரெட் ஒலிவாங்கி, ஒலிவாங்கியின் விலையைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலிக்கான் தகட்டிலேயே செதுக்கப்பட்ட ஒலிவாங்கிகள் சந்தைக்கு வந்தன. கைப்பேசிகளின் பெருக்கம் அவற்றை மேலும் மலிவாக்கியது.

கம்பி நீங்கியது தனிக்கதை. எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் தொடங்கிய குறுந்தொலைவு வானொலி ஆய்வு, 1998இல் ஐந்து நிறுவனங்கள் சேர்ந்த குழுவால் ப்ளூடூத் என்ற பொது நெறியாயிற்று. 2013இல் வந்த போஸ் கியூசி20 காதுக்குள் செல்லும் இரைச்சல் நீக்கி; ஆனால் அதன் மின்கலமும் மின்சுற்றும் கம்பியில் தொங்கும் தட்டையான பெட்டிக்குள் இருந்தன. 2016இல் ஐஃபோன் 7 ஹெட்ஃபோன் துளையைக் கைவிட்டது. 2019 அக்டோபரில் ஏர்பாட்ஸ் புரோ வந்தபோது, 2013இல் கம்பியில் தொங்கிய பெட்டி காதுக்குள்ளேயே அடங்கியிருந்தது. இந்தியாவில் அதன் விலை 24,900 ரூபாய். 2021 பிப்ரவரியில் ரியல்மி பட்ஸ் ஏர் 2 இரைச்சல் நீக்கத்துடன் 3,299 ரூபாய்க்கு வந்தது. இடையில் கழிந்தவை பதினாறு மாதங்கள். தைவானின் ஐரோஹா, ஷாங்காயின் பெஸ்டெக்னிக் போன்ற நிறுவனங்கள் ப்ளூடூத், ஒலிக்கணக்கு, இரைச்சல் நீக்கம் மூன்றையும் ஒரே சிப்பில் அடக்கி, கேட்கும் எவருக்கும் விற்றதே இவ்விலை வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணம். போட், நாய்ஸ் முதலிய இந்திய நிறுவனங்கள் வளர்ந்ததும் இந்தப் பொதுச் சிப்புகளின் காலத்தில்தான். 2022 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் செவியில் அணியும் கருவிகளுக்கான சுங்கவரி, உள்நாட்டு உற்பத்திக்கு ஏற்பப் படிநிலையாக மாற்றியமைக்கப்பட்டது.

விலை வீழ்ந்தபோது வீழாதவை எவை என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி. அலைநீளம் வீழவில்லை. 1933இல் எந்த ஒலி கடினமோ, அது இன்றும் கடினமே. விலையுயர்ந்த கருவியும் மலிவான கருவியும் ஒரே மலையில்தான் ஏறுகின்றன. முன்னது சற்று மேலே போய் நிற்கிறது. நடைமுறையில் எதிரலையால் நன்கு அடங்குவது 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியே. அதிலும் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ்தான் விளைவு மிகுதி. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 முறை சுழலும்போது நொடிக்கு 90 முறை எரிகிறது. அந்த 90 ஹெர்ட்ஸ் உறுமல் இக்கருவிக்கு எளிய இரை. மின்விசிறி, குளிர்சாதனம், மெட்ரோ சுரங்கத்தின் முழக்கம் ஆகியவையும் அவ்வாறே. ஹார்னின் கூர்மையோ 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்பதும் அங்கேதான்.

பேச்சைப் பற்றிப் பழைய தொலைபேசியே சான்று தரும். கம்பித் தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே அனுப்பியது. அதற்குக் கீழுள்ளவை முற்றிலும் வெட்டப்பட்டும் எதிர்முனைப் பேச்சு தடையின்றிப் புரிந்தது. உயிரெழுத்துகளை வேறுபடுத்தும் ஒத்ததிர்வுகள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் அமைகின்றன; 'ஸ' போன்ற உரசொலிகளின் ஆற்றல் அதற்கும் மேலே செல்கிறது. இரைச்சல் நீக்கி மிகச் சிறப்பாக அழிப்பது தொலைபேசி தேவையில்லை என்று ஒதுக்கிய அதே அடிப்பகுதியை. அது போனால் பேச்சு போவதில்லை. மாறாக, பேச்சை மூடி மறைத்திருந்த உறுமல் விலகுவதால் பேச்சு தெளிவடைகிறது. பக்கத்து அறை உரையாடல் முன்பைவிட நன்றாகக் கேட்பது பழுதன்று. கருவி சரியாக வேலை செய்வதன் அடையாளம்.

ஆங்கிலத்தின் ஒரே சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது, தமிழ் மறைப்பதில்லை. இரைதல் என்ற வினை கடலுக்கும் மழைக்கும் வழங்குவது. ஓடிவந்தவருக்கு மூச்சு இரைக்கிறது. தொடர்ந்து, வேறுபாடின்றி எழும் ஒலியே இரைச்சல். ஒருவர் வாய்விட்டுக் கத்துவது கூச்சல். இக்கருவியால் இரைச்சல் போகும், கூச்சல் போகாது. நாட்டின் தெருவிலும் விடுதியிலும் இரண்டும் கலந்தே இருக்கின்றன. பல நேரங்களில் கூச்சலும் ஹார்னுமே மேலோங்குகின்றன. விமானத்துக்காகப் பிறந்த கருவியிடம் தெருவின் வேலையைக் கேட்பதிலிருந்தே முதல் நாள் ஏமாற்றம் பிறக்கிறது.

கூச்சலையும் ஹார்னையும் ஓரளவு தடுப்பது எது? காதுத் துளையை அடைக்கும் மென்மையான சிலிக்கோன் மூடி, கடையில் இயர்டிப் எனப்படுவது. உயர்ந்த அதிர்வெண்களை அடைப்பு எளிதில் தடுக்கும். தாழ்ந்தவற்றை எதிரலை தடுக்கும். கருவியில் மிக மலிவான உறுப்பு, இந்தியத் தெருவில் மிகுதியாக உழைக்கும் உறுப்பாகிறது. மேலும், அடைப்பு சரியில்லையென்றால் எதிரலையும் பயன்படாது. தாழ்ந்த ஒலிகள் சிறு இடைவெளி வழியாக உள்ளே புகுந்துவிடும், எழுப்பிய எதிரலையும் கசிந்துவிடும். எனவே இயர்டிப் இல்லாத, காதின் விளிம்பில் தொங்கும் வடிவங்களில் இரைச்சல் நீக்கம் என்ற சொல்லுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண். பெட்டியில் வரும் மூன்று அளவுகளையும் மாற்றிப் பார்க்க வேண்டும். வலக்காதுக்கும் இடக்காதுக்கும் வெவ்வேறு அளவு பொருந்துவதும் உண்டு. தபேலாவின் இடப்பக்க முழக்கமோ வேறு தாழ்ந்த இசையோ கேட்கும்போது அது மெலிந்து ஒலித்தால் அடைப்பில் கசிவு இருக்கிறது என்று பொருள். திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்குவதற்கான முதன்மைக் காரணம் இதுவே. காது ஒவ்வொருவருக்கும் வேறு.

இரண்டாவது, சொல்லைக் கவனிப்பது. ஏஎன்சி என்பது கேட்பவரின் காதுக்கான இரைச்சல் நீக்கம். இஎன்சி என்பது தொலைபேசி உரையாடலில் எதிர்முனையில் இருப்பவருக்குச் செல்லும் ஒலியைத் துப்புரவு செய்வது. அணிந்திருப்பவரின் காதுக்கு அதனால் எந்த அமைதியும் இல்லை. ஆயிரம் ரூபாய்க்குக் கீழுள்ள பெட்டிகளில் பெரும்பாலும் காணப்படுவது பின்னதே. ஓர் எழுத்து வேறுபாட்டில் இரு வேறு கருவிகள். ஏஎன்சி என்று தெளிவாக இருந்து, அதனுடன் ஹைப்ரிட் என்றும் இருந்தால், இரு வழிகளும் உள்ளன என்று கொள்ளலாம்.

மூன்றாவது, எண். டெசிபெல் மடக்கை அளவு. 25 டெசிபெல் குறைப்பே ஒலியழுத்தத்தை நூற்றில் ஆறு பங்குக்கும் கீழே கொண்டுவந்துவிடும். '50 டெசிபெல் வரை' என்பதில் செய்தி எண்ணில் இல்லை, 'வரை' என்ற சொல்லில் இருக்கிறது. எந்த அதிர்வெண்ணில் அந்த உச்சம் கிடைத்தது என்று பெட்டி பெரும்பாலும் சொல்வதில்லை. அகன்ற பரப்பில் 25 கிடைப்பது, ஒரே புள்ளியில் 50 கிடைப்பதைவிடப் பேருந்தில் பயன் தரும். 25, 32, 45, 50 என்று ஏறும் எண்களுக்காக ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதற்கு முன் அதிர்வெண் வாரியாக அளந்து காட்டும் வரைபடம் எங்காவது உண்டா என்று தேடுவது நல்லது. வியர்வை, தூறல் ஆகியவற்றைத் தாங்க ஐபிஎக்ஸ்4 தரம் போதும். சாலையில் நடப்போருக்கு வெளி ஒலியை உள்ளே விடும் வசதி இன்றியமையாதது. மின்கலம் மாற்ற இயலாதது. சில நூறு முறை மின்னேற்றிய பின் அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும். எந்த விலையில் வாங்கினாலும் இது நெடுநாள் பொருளன்று என்பதை நினைவில் கொண்டால் செலவின் எல்லை தானாகவே விளங்கும். இரவில் படிக்க மட்டும் அமைதி தேவைப்படுவோருக்கு, சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் நுரையாலான காதடைப்பான் பேச்சொலியை இயர்பட்ஸைவிட நன்றாகத் தடுக்கக்கூடும்.

இவ்வளவு வரம்புகள் இருந்தும் இக்கருவியை வாங்க ஒரு வலுவான காரணம் உண்டு. அது மீக்கரின் காலத்துக் காரணமே. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த நெறிப்படி, பெரியவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகும். பேருந்து உறுமலை மீறிக் கேட்பதற்காக ஒலியை 9 டெசிபெல் கூட்டினால் 40 மணி நேரம் ஐந்து மணி நேரமாகச் சுருங்கிவிடும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் பயணம் செய்யும் மாணவர் மூன்று நாளில் அதைக் கடந்துவிடுவார். உறுமல் அடங்கினால் ஒலியைக் கூட்டத் தேவையில்லை. இசை இனிமையாகக் கேட்பதைவிட, முப்பது ஆண்டுகள் கழித்தும் கேட்பது பெரிது. கூடுதல் விலைக்கு நேர்மையான நியாயம் இது ஒன்றே. ஒலியைக் கூட்டியே வைத்துக்கொள்பவருக்கு அந்த நியாயமும் இல்லை.

இந்தக் கதைக்கு இணையாக நாட்டில் இன்னொரு வரலாறும் நடந்திருக்கிறது. பொதுமக்களுக்கான முதல் குயட்கம்ஃபர்ட் வந்த அதே 2000இல் இந்திய அரசு ஒலி மாசு விதிகளை வெளியிட்டது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள் சூழ்ந்த அமைதிப் பகுதியில் பகலில் 50, இரவில் 40. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விரும்பாத ஒலியைக் கேட்கும்படி எவரையும் கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமை இல்லை என்ற நிலைப்பாட்டை உறுதிசெய்தது. 2022 ஜனவரியில் ரயில்களில் இரவில் உரக்க இசை கேட்பதற்கு எதிராக ரயில்வே அறிவுறுத்தியது. 2023 ஏப்ரலில் மும்பையின் பெஸ்ட் பேருந்துகளில் இயர்ஃபோன் இல்லாமல் ஒலி எழுப்பிக் காணொளி பார்ப்பது தடைசெய்யப்பட்டது. பிறர் ஒலியைத் தடுக்க ஒருவர் அணிவது, தன் ஒலி பிறரைத் தொடாதிருக்க அணிய வேண்டியதாகவும் ஆனது.

விதி தரும் 45 டெசிபெல் எல்லோருக்கும் உரியது, விலை இல்லை. சிப் தரும் 25 டெசிபெல் வாங்கியவருக்கு மட்டுமே. மின்கலம் இருக்கும் வரை மட்டுமே. முன்னது கிடைக்காத இடத்தில் பின்னதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் பின்னது கையில் இருப்பதால் முன்னதைக் கேட்பதை நிறுத்திவிடுவது இழப்பு. கருவியின் தொண்ணூறு ஆண்டு வரலாறும் அதையே சொல்கிறது: எந்திரத்தின் இரைச்சலுக்கு எதிரலை உண்டு, மனிதரின் கூச்சலுக்கு இல்லை. பக்கத்து அறைப் பேச்சு இரவு பதினொரு மணிக்கும் ஓயவில்லையென்றால், கதவைத் தட்டி இரண்டு சொற்கள் பேசுவதே இன்றளவும் உள்ள வழி.